மடிக்கு என்ன தடவுவது?

பாலாடு வளர்க்கத் தொடங்கியவர்கள், முதல் ஈற்று முடிந்து கறவை ஒரு நிலைக்கு வந்ததும் அநேகமாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். மடிக்கு வீட்டிலேயே, இயற்கையாக, என்ன செய்து தடவலாம்? வெறும் தேங்காய் எண்ணெய் போதுமா, தேன்மெழுகு சேர்க்கணுமா, மஞ்சள் போடலாமா, கற்றாழை நல்லதா? இப்படிக் கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். கறந்த பால் அன்றைக்கே வீட்டுக்குள் வருகிறது. மிச்சத்தைக் குட்டி அதே காம்பில் வாய் வைத்துக் குடிக்கிறது. அந்தத் தோலில் எதைப் பூசுகிறோம் என்று யோசிக்காமல் இருப்பதுதான் தவறு. டப்பாவின் பின்பக்கத்தில் வாயில் நுழையாத பெயர்களைப் படித்துவிட்டு, இதைவிடச் சுத்தமாக நானே காய்ச்சிக்கொள்ள மாட்டேனா என்று தோன்றுவது நியாயம். நானும் களிம்பு காய்ச்சுகிறவள். மெழுகு உருகும் வாசனை வீட்டில் பரவும்போது வருகிற நிறைவு எனக்கும் தெரியும்.

ஆனால் கொஞ்ச காலமாக அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் உடனே பதில் சொல்ல முடியாமல் நிற்கிறேன். காரணம் ஒரு செவலை ஆடு. தோழியின் ஆடு அது. நான் பார்த்த மடிகளிலேயே தோல் அவ்வளவு அழகாக இருந்த மடி வேறில்லை. வெடிப்பில்லை, சொறியில்லை, தொட்டால் மெத்தென்று இருக்கும். தினமும் இரண்டு வேளையும் அவள் கையால் காய்ச்சிய களிம்பு அதற்குக் கிடைத்தது. அந்த மடியின் ஒரு பக்கத்துக்குள் நோய் குடியிருந்தது. வெளியே எந்த அறிகுறியும் இல்லை.

அது தெரியவந்தது தற்செயலாகத்தான். பால் முன்போல இல்லை, கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது, தீவனத்தை மாற்றிப் பார்க்கவா என்று அவள் கேட்டாள். கறவையின் நடுப்பருவத்தில் காரணமில்லாமல் பால் குறைந்தால் தீவனத்துக்கு முன்னால் மடியைப் பார்ப்பது என் வழக்கம். பாத்திரம் கழுவும் திரவத்தில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்துக்கொண்டேன். இரண்டு சின்னத் தட்டு. ஒவ்வொரு காம்பிலும் முதல் சில பீச்சுகளை விட்டுவிட்டு, இடது மடிப்பால் ஒன்றில், வலது மடிப்பால் இன்னொன்றில். பால் எவ்வளவோ அதே அளவு சோப்புக் கரைசல். மெதுவாகச் சுழற்றினேன். வலது தட்டில் பால் பாலாகவே ஓடியது. இடது தட்டில் சுழற்றச் சுழற்றக் கெட்டிப்பட்டு, நடுவில் திரண்டு, கஞ்சி போல வழுக்கிக்கொண்டு வந்தது. கட்டி இல்லை, நிறம் மாறவில்லை, வாடை இல்லை. சோப்பு விடுவதற்கு முன்னால் இரண்டு தட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் யாராலும் வித்தியாசம் சொல்லியிருக்க முடியாது.

"இவ்ளோ பார்த்துப் பார்த்துத் தடவுறேனே, இதுக்குள்ள எப்படிப் போச்சு?" என்றாள் தோழி. அந்தக் கேள்விதான் இன்னும் என்னோடு இருக்கிறது. அவள் அக்கறை இல்லாதவள் அல்ல. என்னைவிடப் பொறுமைசாலி. அவள் மடியைக் கவனித்துக்கொள்ளவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அப்படியானால் கவனம் எங்கே போய்ச் சேரவில்லை?

காம்பு நுனி

ஆட்டு மடி இரண்டு பாதி. நடுவே சுவர், ஒரு பாதிப் பால் இன்னொன்றுக்குப் போகாது. அதனால்தான் இடது பக்கம் நோய்ப்பட்டும் வலது பக்கம் சுத்தமாக இருந்தது. வெளியுலகத்துக்கும் ஒவ்வொரு பாதிக்கும் நடுவே இருப்பது காம்பு நுனியில் உள்ள ஒரு குறுகலான குழாய் மட்டுமே. அதைச் சுற்றி ஒரு தசை வளையம். உள்ளே கெரட்டின் என்ற மெழுகு போன்ற பூச்சு. கறக்காத நேரத்தில் தசை இறுக்கிப் பிடித்திருக்கும், கெரட்டின் அடைத்துக்கொண்டிருக்கும். மடியின் உண்மையான காவல் இதுதான். மடிநோய்க் கிருமிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வழியாகத்தான் உள்ளே போகின்றன. மடியின் பரந்த தோல் வழியாக அல்ல.

கறக்கும்போது இந்தக் காவல் தளர்கிறது. பால் பாய்ந்து வரும்போது கெரட்டினில் கொஞ்சம் அடித்துக்கொண்டு போகும். தசை வளையம் விரிந்து கொடுக்கும். கறந்து முடித்தவுடன் அது பழையபடி இறுகிவிடுவதில்லை. முழுதாக மூடிக்கொள்ள அரைமணி நேரமாவது ஆகும். அந்த அரைமணி நேரத்தில் நுனியில் ஒரு சொட்டுப் பால் தொங்கிக்கொண்டிருக்கும். கிருமிக்கு அது விருந்து. அந்த நேரத்தில் ஆடு போய்ச் சாணமும் மூத்திரமும் ஊறிய படுக்கையில் படுத்தால், திறந்த வாசலை அழுக்கின் மேல் அழுத்தி வைத்ததாகிவிடும்.

தோழியின் வீட்டில் என்ன நடந்தது என்று நாங்கள் ஒருநாள் முழுக்கக் கூடவே இருந்து பார்த்தோம். கறப்பதற்கு முன் ஈரத் துணியால் மடி முழுவதையும் துடைப்பாள். எல்லா ஆட்டுக்கும் ஒரே துணி, வாளியில் அலசி அலசி. துடைத்த ஈரம் காயுமுன் விரலில் கொஞ்சம் களிம்பு எடுத்துக் காம்பில் தடவிக்கொண்டு கறப்பாள். வழுவழுப்பாக இருந்தால் ஆட்டுக்கு வலிக்காது என்ற எண்ணம். கறந்து முடித்ததும் மறுபடி களிம்பு, இந்த முறை காம்பு நுனி வரை. கறக்கும் மேடையில் இருக்கும்போதே அடர்தீவனம் முழுவதையும் தின்று முடித்துவிட்டதால், செவலை இறங்கிப் போனதும் நேராகப் படுத்துவிடும்.

இதில் ஒவ்வொன்றும் பாசத்தால் செய்தது. ஆனால் ஒவ்வொன்றும் கிருமியின் பக்கம் நின்றது. ஈர மடியைக் கறந்தால் அழுக்குத் தண்ணீர் வடிந்து காம்பு நுனியில்தான் வந்து சேரும். ஒரே துணி ஒரு ஆட்டின் தோலில் இருப்பதை அடுத்த ஆட்டுக்குக் கொண்டு போகும். வெளியே அறிகுறி காட்டாத மறைமுக மடிநோய் ஆட்டுக்கு வரப் பெரும்பாலும் காரணமாக இருப்பது தோலிலேயே வாழும் ஸ்டைஃபைலோகாக்கஸ் வகைக் கிருமிகள். அவற்றுக்குத் துணியும் விரலும்தான் வாகனம். கறப்பதற்கு முன் தடவிய எண்ணெய் பாலில் சொட்டும், கூடவே தோல் அழுக்கையும் இழுத்துக்கொண்டு போகும். பிடி வழுக்குவதால் பலரும் தங்களை அறியாமல் காம்பை இழுத்துக் கறக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். மேலே விரல்களால் அடைத்து, கீழ்நோக்கி வரிசையாக அழுத்திக் கறப்பதற்கு வழுவழுப்பு தேவையே இல்லை, காய்ந்த காம்பு போதும். நுனி வரை பூசிய களிம்போ கிருமியைக் கொல்லவில்லை. அங்கே இருந்த பால் சொட்டையும் அதில் இருந்ததையும் மூடி வைத்தது, அவ்வளவுதான்.

இவற்றில் எது அந்த இடது மடியைக் கெடுத்தது என்று விரல் நீட்டிச் சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்று தெளிவானது. நாம் மடி பராமரிப்பு என்று பேசுவதில் பெரும்பகுதி தோல் பராமரிப்பு. தோலுக்கு என்ன தடவுவது என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி அந்த நுனியைப் பற்றியது, அதற்கான பதிலில் பாதி எந்தச் சாடியிலும் இல்லை. காய்ந்த படுக்கை, காய்ந்த மடி, ஆட்டுக்கு ஒரு துணி, கறந்த பிறகு நிற்க வைப்பது. இவற்றைவிட இயற்கையான மருந்தை எனக்குத் தெரியாது.

நிற்க வைப்பதற்குக் கட்டிப்போட வேண்டியதில்லை. பசுந்தழையையோ வைக்கோலையோ கறவை முடிந்த பிறகு புதிதாகப் போட்டால் போதும். ஆடு தானாக நின்று மேயும், அரைமணி நேரம் கடந்துவிடும். குட்டி கூடவே இருக்கும் ஆடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு: கறந்ததும் குட்டி போய் முட்டிக் குடிக்கும். நுனியில் என்ன பூசியிருந்தாலும் அது குட்டியின் வயிற்றுக்குள். இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் சரக்குகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சாடிக்குள் போகும் சரக்குகள்

தேங்காய் எண்ணெயை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் என் களிம்பில் பெரும்பங்கு அதுதான். அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். ஆய்வகத் தட்டில் அது சில கிருமிகளை அடக்கும் என்பது உண்மை. அதை வைத்துக்கொண்டு தேங்காய் எண்ணெய் கிருமிநாசினி என்று முடிவு கட்டுவது சரியில்லை. எண்ணெயாகத் தடவும்போது லாரிக் அமிலத்தின் பெரும்பகுதி கொழுப்புக்குள் கட்டுண்டே இருக்கிறது. அது செய்யும் வேலை தோலின் ஈரத்தைக் காப்பது. அது சின்ன வேலை இல்லை. வெடித்த தோலில்தான் ஸ்டைஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கொடிய கிருமி கூடு கட்டும். வெடிப்பை ஆற்றினால் அதன் இருப்பிடத்தைக் கலைத்ததாகும். வறண்ட குளிர்காற்றில், தொடர்ந்து கழுவிக் காய்ந்த தோலில், வெயில் சுட்ட வெளிர்நிற மடியில் களிம்புக்கு வேலை உண்டு. மற்ற நாட்களில் நல்ல தோலுக்கு எதுவும் தேவையில்லை.

அளவு கேட்பவர்களுக்கு: எடையில் ஒரு பங்கு தேன்மெழுகு, நாலு பங்கு எண்ணெய். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால் வெப்பமான நாட்களில் எண்ணெயை மூன்று பங்காகக் குறைத்துக்கொள்ளலாம். தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரியில். நேரடித் தீயில் வைக்காமல், கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே விழக்கூடாது. தண்ணீர் இல்லாத களிம்பில் கிருமி பெருகுவது கடினம், அதுதான் அதன் பலம். ஈர விரலை விட்டு எடுத்தால் அந்தப் பலம் அன்றோடு போயிற்று. அதனால் பெரிய சாடியில் ஊற்றி வைக்காமல் சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றி, சுத்தமான காய்ந்த கரண்டியால் எடுப்பது நல்லது. வைட்டமின் ஈ சேர்த்தால் கெடாது என்று பலர் எழுதுகிறார்கள். எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதை அது தள்ளிப்போடும். கிருமி வளர்வதைத் தடுக்காது.

மூலிகை வடிநீரைப் புட்டியில் அடைத்து வைத்துத் தெளிக்கும் பழக்கத்தைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். இலைகளைக் கொதிக்க வைத்து வடிகட்டி, ஆறவைத்து, வாரக்கணக்கில் வைத்துக்கொண்டு மடியில் தெளிப்பது. கொதிக்க வைத்தது அன்றைக்கு மட்டும்தான் சுத்தம். பிறகு அது செடியின் சத்து கரைந்த தண்ணீர். சூடோமோனாஸ் போன்ற தண்ணீர்க் கிருமிகளும் ஈஸ்ட்டும் அதில் தாராளமாக வளரும். இவை மடிக்குள் போனால் மருந்துக்கும் எளிதில் மசியாது. நோய் வராமலிருக்கத் தெளித்ததே நோயைக் கொண்டு சேர்ப்பதைவிடத் துயரம் இல்லை. வடிநீர் வேண்டுமென்றால் அந்த வேளைக்குக் காய்ச்சி, அந்த வேளையே பயன்படுத்தி, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

வினிகரைப் பற்றி எனக்குக் கலவையான எண்ணம். சாதாரண வினிகரில் 5 சதவீதம் அசெட்டிக் அமிலம் இருக்கிறது. சம அளவு தண்ணீர் சேர்த்துத் துடைத்தால் தோல் அழுக்கும் பால்பிசுக்கும் போகும், கிருமி எண்ணிக்கையும் குறையும். வெடித்த தோலில் எரியும், அடிக்கடி போட்டால் காயவைக்கும். துடைக்க நல்லது. கறந்த பிறகு காம்பை நனைத்துக் காக்கும் வேலைக்கு அதை நம்ப நான் தயாராக இல்லை. ஒரு எச்சரிக்கையும்: வினிகரையும் குளோரின் வெளுப்பானையும் ஒரே வாளியில் ஊற்றாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். அது ஆட்டுக்கும் ஆளுக்கும் ஆபத்து.

கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைப்பு நம் எல்லோருக்கும் தெரியும். 250 கிராம் கற்றாழை, 50 கிராம் மஞ்சள், 15 கிராம் சுண்ணாம்பு என்பது மாட்டு மடிவீக்கத்துக்குச் சொல்லப்படும் அளவு. அது வீங்கிய மடிக்கான பற்று. தினப்படிப் பராமரிப்புக்கானது அல்ல. இதை மறந்துவிட்டு நல்ல மடிக்கும் தினமும் பூசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு கடுமையான காரம், மென்மையான ஆட்டுத் தோலை அரிக்கும். கற்றாழையைக் கீறினால் வடியும் மஞ்சள் பால் பேதியாக்கும் தன்மை உள்ளது. குட்டி வாய் வைக்கும் இடத்தில் போடுவதானால் அதை முழுதாக வடித்துக் கழுவிவிட்டு உள்சதையை மட்டும் எடுக்க வேண்டும். உள்சதை எரிச்சலை ஆற்றும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மஞ்சளின் குர்க்குமின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது, தோலைத் தாண்டிப் பால் சுரப்பிக்குள் போய் அங்கிருக்கும் கிருமியைப் பிடிக்கும் என்று எதிர்பார்ப்பது வீண். வீக்கம் வடிந்ததைக் கண்டு நோய் போய்விட்டது என்று நம்பிவிடுகிறோம். செவலையின் மடி வீங்கவே இல்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வேப்பெண்ணெய், டீ ட்ரீ எண்ணெய், லாவண்டர் எண்ணெய் முதலியவற்றை நான் காம்பருகே கொண்டுபோவதில்லை. பால்கொழுப்பு வாடையை இழுத்துக்கொள்ளும். அதிலும் ஆட்டுப்பாலில் காப்ரோயிக், காப்ரிலிக், காப்ரிக் என்ற கொழுப்பு அமிலங்கள் தரும் மணத்தை ஏற்கெனவே குறை சொல்பவர்கள் அதிகம். செறிவான வாசனை எண்ணெய்கள் தோலைப் புண்ணாக்கும், நக்கும் குட்டிக்கும் நல்லதல்ல.

அயோடின் இயற்கையா?

கறந்தவுடன் காம்பை நனைத்துக் கிருமியைக் கொல்லும் அயோடின் மருந்தைச் சொன்னதும் தோழி முகம் சுளித்தாள். "அது கெமிக்கல் இல்லையா?" அயோடின் ஒரு தனிமம். 1811இல் பெர்னார் கூர்த்துவா என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அதைக் கடற்பாசிச் சாம்பலிலிருந்துதான் முதலில் கண்டெடுத்தார். ஆட்டுக்கும் மனிதருக்கும் தைராய்டு இயங்க அது வேண்டும். லாக்டிக் அமிலமும் காம்பு நனைக்கும் மருந்துகளில் வருகிறது. தயிரைப் புளிக்க வைப்பது அதுவே. எந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதைவிட, அது எவ்வளவு செறிவில், எவ்வளவு நேரம், எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் ஆட்டுக்கு உதவும் என்று அவளிடம் சொன்னேன். இப்போதும் அதில் உறுதியாக இருக்கிறேன்.

கறந்தவுடன் காம்பை நனைப்பது 1960களில் இங்கிலாந்தின் தேசியப் பால்பண்ணை ஆய்வு நிலையத்தில் உருவான, மடிநோயைத் தடுக்கும் ஐந்து அம்சத் திட்டத்தில் ஒன்று. மாடுகளில் செய்து பார்த்தபோது, மாட்டிலிருந்து மாட்டுக்குத் தொற்றும் கிருமிகளால் வரும் புது நோய்களில் பாதியளவு அந்த ஒரு செயலால் குறைந்தது. வேறு எந்தப் பூச்சும் இந்த அளவுக்குத் தன்னை நிரூபித்ததில்லை. அரை முதல் ஒரு சதவீத அயோடின், தோல் காயாமலிருக்கச் சிறிது கிளிசரின் சேர்த்து, காம்பின் முக்கால் பாகம் மூழ்கும்படி நனைத்தால் போதும். கிளிசரினை அள்ளி ஊற்றினால் கிருமி கொல்லும் வலு குறைந்துவிடும். பாலும் சாணமும் கலந்தால் அயோடின் செத்துவிடும். நிறம் வெளுத்தால் அது முடிந்தது என்று அர்த்தம். அதனால் சின்னக் கோப்பையில் கொஞ்சமாக ஊற்றி, மிச்சத்தைக் கொட்ட வேண்டும், புட்டிக்குள் திருப்பி ஊற்றக் கூடாது. கறப்பதற்கு முன்னும் நனைப்பவர்கள் அரை நிமிடம் விட்டு, பாலில் கலக்காதபடி நன்றாகத் துடைத்துவிட்டே கறக்க வேண்டும்.

கறக்குமுன் மடியை நெடுநேரம் நீவிவிடுவதும் ஆட்டுக்கு அவ்வளவு அவசியமில்லை. மாட்டில் பாலின் பெரும்பகுதி மேலே சுரப்பித் திசுவிலேயே தங்கியிருக்கும், ஹார்மோன் தூண்டி அதை இறக்க வேண்டும். ஆட்டில் பாதிக்கு மேல், பல ஆடுகளில் முக்கால் பங்கு வரை, ஏற்கெனவே கீழ் அறையில் இறங்கிக் காத்திருக்கும். துடைக்கும் நேரத் தொடுதலே போதும். களிம்பு போட்டு நீவினால்தான் பால் விடும் என்று நினைத்துத் தோழி தினமும் ஈரத்தோடு செலவழித்த நேரம் ஆட்டுக்குத் தேவைப்படவே இல்லை. எனக்கு இது தெரிந்தபோது சந்தோஷமாக இருந்தது. விட வேண்டிய ஒன்றை விடுவதற்கு நல்ல காரணம் கிடைத்தது.

சோப்புத் தட்டு சொல்வதும் சொல்லாததும்

அந்தச் சோப்புச் சோதனை கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனையின் வீட்டு வடிவம். ஷால்ம், நூர்லாண்டர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1957இல் அதை வெளியிட்டார்கள். நோய்ப்பட்ட மடிக்குள் வெள்ளணுக்கள் திரள்கின்றன. சோப்பு அவற்றின் சவ்வை உடைக்கும்போது உள்ளிருக்கும் டி.என்.ஏ. வெளியேறிப் பிசுபிசுப்பாகத் திரளும். இதற்காகக் கருவி எதுவும் வாங்க வேண்டாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வீட்டில் செய்யும் மடிப் பராமரிப்பில் களிம்பைவிடப் பயனுள்ளது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் மாட்டுக்கு எழுதிய அட்டவணையை ஆட்டுக்கு அப்படியே வைத்துப் படித்தால் வீணாகப் பயப்படுவீர்கள். ஆட்டுப்பால் சுரக்கும் விதமே வேறு. சுரக்கும் செல்களின் ஒரு பகுதியே பிய்ந்து பாலோடு வரும், நல்ல ஆட்டிலும் செல் எண்ணிக்கை மாட்டைவிட அதிகம். அமெரிக்கப் பால் விதிகளில் ஒரு மில்லிலிட்டருக்கு மாட்டுப்பாலுக்கு வரம்பு 7,50,000 என்றால் ஆட்டுப்பாலுக்கு 15,00,000. பருவத்துக்கு வந்த நாட்களிலும் கறவையின் கடைசி மாதங்களிலும் அது தானாகவே ஏறும். ஆகவே தட்டில் லேசாகத் திரண்டாலே நோய் என்று முடிவுகட்ட வேண்டாம். ஒரே ஆட்டின் இரண்டு பாதியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி லேசாகத் திரண்டால் காத்திருந்து மறுபடி பார்க்கலாம். ஒன்று ஓடி, ஒன்று கெட்டிப்பட்டால் அங்கே ஏதோ இருக்கிறது. செவலைக்கு அப்படித்தான் இருந்தது. கிருமி எது என்பதைத் தட்டு சொல்லாது, அதற்குப் பாலை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

சாடியை மூடிவைக்க வேண்டிய நேரம்

இதை மட்டும் எந்த விவாதமும் இல்லாமல் சொல்லிவிடுகிறேன். மடி சூடாக, கல்லாக இருந்து, பாலில் கட்டியோ ரத்தமோ தண்ணீரோ வந்து, ஆடு பின்னங்காலை இழுத்து நடந்தால், தீனியை விட்டால், மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஆட்டின் இயல்பான உடல்வெப்பம் 38.5 முதல் 39.5 டிகிரி செல்சியஸ் வரை, அதைத் தாண்டினால் களிம்பு நேரம் முடிந்துவிட்டது. சூடாக இருந்த மடி திடீரென்று சில்லிட்டு, நீலமும் கருப்புமாக மாறினால் அது அழுகல் மடிநோய். பெரும்பாலும் ஸ்டைஃபைலோகாக்கஸ் ஆரியஸின் நஞ்சு ரத்த ஓட்டத்தையே அடைத்துவிட்ட நிலை. ஆட்டின் உயிர் மணிக்கணக்கில் ஊசலாடும். சில்லிட்டதைப் பார்த்துச் சூடு தணிந்துவிட்டது என்று ஆறுதலடைந்து, காலைவரை காத்திருந்து ஆட்டை இழந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கையிலும் நல்ல களிம்பு இருந்தது.

இன்னும் இரண்டு. ஈன்றவுடன் மடி தோலளவில் மெத்தென்று இருந்தும் உள்ளே உறுதியாக, பால் வராமல் நின்றால் அது ஆடுகளுக்கு மூட்டுவீக்கமும் மூளை அழற்சியும் தரும் சி.ஏ.ஈ. என்ற வைரஸாக இருக்கலாம். எதைத் தடவியும் பலனில்லை, சீம்பால் வழியாகக் குட்டிக்கும் போகும், பரிசோதனைதான் வழி. காம்பில் பொருக்குப் புண் வந்து குட்டியின் உதட்டிலும் அதே புண் இருந்தால் அது ஆர்ஃப் என்ற வைரஸாக இருக்கும். மனிதக் கைக்கும் தொற்றும். அதை வெறுங்கையால் களிம்பு போட்டு நீவக்கூடாது, கையுறை கட்டாயம்.

செவலையின் பாலை ஆய்வகத்துக்கு அனுப்பி, மருத்துவர் சொன்ன மருந்தைக் கொடுத்து, மருந்து உடலில் இருந்த நாட்களின் பாலைக் கொட்டினாள் தோழி. அந்தக் கறவை முழுக்க இடது பாதி வலதுக்கு ஈடாகவில்லை. சுரக்கும் திசு ஒருமுறை கெட்டால் அதே கறவையில் பழையபடி வருவது அரிது. அடுத்த ஈற்றுக்கு முன்னால் இரண்டு மாதம் கறவையை நிறுத்தி மடிக்கு ஓய்வு கொடுத்ததில் கொஞ்சம் தேறியது, முழுதாக அல்ல. இப்போது அவள் வீட்டில் ஆட்டுக்கொரு துணி காய்கிறது. அயோடின் கோப்பை வந்துவிட்டது. மாதம் ஒருமுறை தட்டுச் சோதனை உண்டு. களிம்பை அவள் விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை. காம்பு நுனியைத் தொடாமல், நனைத்த மருந்து காய்ந்த பிறகு, தோல் வறண்ட இடங்களில் மட்டும் தடவுகிறாள். அதில் ஒரு சிட்டிகை மஞ்சள் இருந்தே தீர வேண்டும் என்கிறாள். அது துணியையும் கையையும் கறையாக்குவதைத் தவிர எதுவும் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. இதைப் பற்றி இன்னும் எங்களுக்குள் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.